வளைந்த கோடும் வளையாத சுவரும்

கண்ணாடி முகத்தை உள்ளவாறே காட்டும் என்பர். நிழற்படமும் அத்தகையதே என்று நாம் நம்புகின்றோம். வழக்குமன்றத்தில் படம் சான்றாக நிற்கின்றது. செய்தித்தாளில் அது நடந்ததை நடந்தவாறே உரைப்பதாகக் கொள்கின்றோம். ஆயினும், கைப்பேசியில் எடுத்த படங்கள் சிலவற்றைக் கூர்ந்து நோக்குக. ஒன்றில், நேராக நிற்கும் சுவரின் விளிம்பு வில்லென வளைந்திருக்கும். மற்றொன்றில், வரிசையின் ஓரத்தில் நின்ற நண்பன் அகன்ற முகத்தினனாகத் தோன்றுவான். தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டவனுக்கோ மூக்குப் பருத்துக் காணப்படும். சுவர் வளைந்தது எவ்வாறு? முகம் மாறியது எவ்வாறு? காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

ஒளிக்கதிர்களை வளைத்துக் குவித்து உருவத்தைத் தோற்றுவிப்பது வில்லையின் தொழில். குற்றமற்ற வில்லை, படத்தின் நடுவிலும் ஓரத்திலும் உருவத்தை ஒரே அளவாகப் பெருக்குதல் வேண்டும். நடுவில் மிகுதியாகவும் ஓரத்தில் குறைவாகவும் பெருக்கினால், சதுரத்தின் பக்கங்கள் வெளியே புடைத்துப் பீப்பாயின் வயிற்றை ஒக்கும். இது பீப்பாய்க் கோட்டம் எனப்படும். ஓரத்தில் மிகுதியாகப் பெருக்கினால், பக்கங்கள் உட்குழிந்து மூலைகள் நீளும். குண்டூசிகளைச் செருகிவைக்கும் சிறு திண்டின் வடிவம் அது; ஆதலின் ஊசித்திண்டுக் கோட்டம் எனப் பெயர் பெற்றது. படத்தின் நட்ட நடுவே செல்லும் கோடு மட்டும் இவ்விரண்டிலும் வளைவதில்லை.

இக்குறை கைப்பேசியோடு பிறந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் கட்டடங்களைப் படம் எடுத்தோரும் இதனால் இடர்ப்பட்டனர். ஒளியை அளவாக விடும் துளைத்தகடு வில்லைக்கு முன்னே இருந்தால் பீப்பாய்க் கோட்டமும், பின்னே இருந்தால் ஊசித்திண்டுக் கோட்டமும் தோன்றுவதை அறிஞர் கண்டனர். அங்ஙனமாயின், ஒத்த இரு வில்லைத் தொகுதிகளை எதிரெதிரே வைத்துத் தகட்டை இடையில் பொருத்தினால், ஒன்றின் குற்றத்தை மற்றொன்று நீக்கும் அன்றோ? இம்முறையில் 1866ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டால்மேயரும் செருமனியில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே வில்லைகளை அமைத்தனர். நேர்க்கோடு நேர்க்கோடாகவே படத்தில் விழுந்தது.

கைப்பேசியிலோ அத்துணை இடமில்லை. சில மில்லிமீட்டர் ஆழத்திற்குள் பல சிறு வில்லைகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மிகையகலக் காட்சிக்கு உரியவை ஏறத்தாழ 120 பாகை அளவுள்ள காட்சியைத் தம்முள் அடக்குகின்றன. எஞ்சும் கோட்டத்தைக் கணக்கு நீக்குகின்றது. குறித்த வில்லை எவ்விடத்தில் எவ்வளவு வளைக்கும் என்பதை முன்னரே அளந்து, கருவியினுள் பதித்துவைக்கின்றனர். படம் எடுத்தவுடன் கருவி ஒவ்வொரு புள்ளியையும் அதற்குரிய இடத்திற்கு நகர்த்திவிடுகின்றது.

இனி, ஓரத்தில் நின்ற நண்பனைக் காண்போம். சுவரை நிமிர்த்திய அக்கணக்கே அவனைப் பருக்கச் செய்தது! உருண்டையான உலகைத் தட்டையான தாளில் வரைந்தால் ஏதேனும் ஓர் அளவு பிறழ்ந்தே தீரும். மெர்க்காட்டர் முறையில் வரைந்த படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவை ஒத்த பெருநிலமாகத் தோன்றும். உண்மையில் அஃது ஆப்பிரிக்காவின் 14இல் ஒரு பங்கே. அவ்வாறே, அகன்ற காட்சியைத் தட்டைப் படமாக்கி, நேர்க்கோடுகளை நேராகவே காத்தால், ஓரத்து உருவங்கள் நீளும். நடுவிலிருந்து 50 பாகை விலகி நிற்பவன் முகம், உயரத்தை நோக்க அகலத்தில் ஒன்றரை மடங்கிற்கும் சற்று மிகும். கோடும் வளையாமல் முகமும் மாறாமல் இருக்கும் வழியை நாடிய கூகுள் ஆய்வாளர், 2019ஆம் ஆண்டில் முகங்களை மட்டும் தனியே கண்டறிந்து திருத்தும் முறையொன்றை வெளியிட்டனர்.

மூக்குப் பருத்ததற்குக் காரணம் வேறு. அது வில்லையின் குற்றமன்று, அண்மையின் விளைவு. மூக்கின் நுனிக்கும் காதிற்கும் இடையே 12 செ.மீ. எனக் கொள்வோம். கருவி மூக்கிலிருந்து 30 செ.மீ. தொலைவில் இருந்தால், காது 42 செ.மீ. தொலைவில் இருக்கும். காதை நோக்க மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதியும். கருவியை 150 செ.மீ. தொலைவிற்குக் கொண்டு சென்றால், அம்மடங்கு 1.08 ஆகக் குறையும். 2018ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் இதனைக் கணித்தனர், 30 செ.மீ. அளவில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 விழுக்காடு மிகுந்து தோன்றும் என்று உரைத்தனர். இதனை அறியாதார், கைத்தொலைவில் எடுத்த படத்தை நம்பித் தம் முகத்தையே வெறுக்கின்றனர். மூக்கைச் சிறிதாக்கும்படி மருத்துவரை நாடுவோரும் உளர். இல்லாத குறைக்கு அறுவை மருந்தாகுமா?

மாணவர்களே, கட்டம் போட்ட தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டிப் பல தொலைவுகளிலிருந்து படம் எடுத்துப் பாருங்கள். கோடுகள் எங்கே வளைகின்றன என்பது விளங்கும். முகத்தைப் படம் எடுக்கும்போது சில அடி பின்னே சென்று, பின்னர் உருவத்தைப் பெருக்கிக்கொள்ளுங்கள். குழுவாக எடுக்கும்போது ஓரங்களில் சிறிது இடம் விடுங்கள். படம் பொய் சொல்வதில்லை. எங்கே நின்று கண்டதோ அங்கிருந்து கண்டதையே சொல்கின்றது. அதன் மொழியை அறிந்தவர், வளைந்த கோட்டைக் கண்டு சுவரைப் பழிக்கமாட்டார். பருத்த மூக்கைக் கண்டு தம்மையும் பழிக்கமாட்டார்.