தோல் பிடித்த பிறகு

கேமரன் மலையில் இரவானால் வெப்பநிலை 15 பாகை வரை இறங்கும். விடியற்காலையில் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்ப வேண்டுமென்றால் தண்ணீர் காயவைத்தே ஆகவேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் விறகடுப்பு போய் கேஸ் அடுப்பு வந்தது, பல வீடுகளில் ஹீட்டரும் வந்துவிட்டது. ஆனாலும் கொதிக்கிற பானையை அடுப்படியிலிருந்து குளியலறைக்குத் தூக்கிப் போகிற வேலை முழுசாக ஒழிந்துவிடவில்லை. கால் வழுக்கினால் முதலில் வேகுவது புறங்கைதான்.

வெந்த கையை இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம். பற்பசையும் கிச்சாப்பும் கூடவே கூடாது. மேலோட்டமான காயம் இரண்டு, மூன்று வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும். அதற்குள் மூடாது என்று தெரிந்தால் மருத்துவர்கள் காத்திருக்க மாட்டார்கள். மூன்று வாரத்தைத் தாண்டி ஆறும் தீக்காயம் பெரும்பாலும் தடித்த தழும்பாக முடியும் என்பதால் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டிவிடுவார்கள். மலையில் தானா ராத்தாவில் இருப்பது மாவட்ட மருத்துவமனை. இந்த மாதிரி வேலைக்குப் பெரும்பாலும் மலை இறங்கி ஈப்போ வரை போக வேண்டும். சிம்பாங் பூலாய் வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர்.

அங்கே தொடையிலிருந்து மெல்லிய ஏடாகத் தோலைச் சீவி எடுப்பார்கள். கனம் ஒரு மில்லிமீட்டரில் கால்பங்கு, மிஞ்சினால் அரைப்பங்கு. எடுத்த இடத்தில் மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் அடியில் தங்கிவிடுவதால் அங்கே புதுத்தோல் இரண்டு வாரத்தில் வளர்ந்துவிடும். ஒட்டுப் போட்ட கையைவிடத் தோல் எடுத்த தொடைதான் முதல் வாரத்தில் உயிரை எடுக்கும். இதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. சொல்லாததால் ஏதோ தப்பு நடந்துவிட்டதாகப் பயப்படுகிறவர்கள் உண்டு.

கொண்டுவந்து வைத்த ஏட்டுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. முதல் இரண்டு நாள் அடியில் ஊறும் நீரை உறிஞ்சியே அது உயிர் வாழ்கிறது. இரண்டாம் மூன்றாம் நாளில் அடிக்காயத்தின் நுண்குழாய்களும் ஏட்டிலுள்ள குழாய்களும் வாய் சேர்கின்றன. ஒரு வாரத்துக்குள் புதுக் குழாய்கள் உள்ளே ஓடி, வெளிறிக் கிடந்த ஏட்டில் நிறம் ஏறும். இடையில் ரத்தமோ நீரோ கட்டிக்கொண்டால் அந்த இடம் செத்துவிடும். ஏடு நகர்ந்தாலும் அதே கதிதான். அதனால்தான் மேலே பஞ்சை வைத்து இறுக்கிக் கட்டி, கையை அசையவிடாமல் ஸ்பிளின்ட் போடுகிறார்கள். ஐந்தாம் நாள் வாக்கில் கட்டைப் பிரிப்பார்கள். கடைசி அடுக்கு துணி ஒட்டிக்கொண்டிருக்கும். உப்புநீரை ஊற்றி நனைத்து, ஓரத்திலிருந்து தோலோடு ஒட்டினாற்போலப் பையப் பைய உரிப்பார்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால் வார்டே நிம்மதியாகும். தோல் பிடித்துவிட்டது.

குடும்பத்தார் கதை முடிந்தது என்று நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் ஒட்டிய தோல் சுருங்கத் தொடங்குவது இனிமேல்தான்.

சுருக்கம் இரண்டு வகை. முதலாவது, தோலை வெட்டி எடுத்த அதே நிமிடத்தில் நடப்பது. உட்தோலில் இருக்கும் மீள்நார்கள் இழுத்துக்கொள்வதால் முழுக் கனத் தோல் ஏறக்குறைய 40 சதவீதம் சிறுத்துவிடும். மெல்லிய ஏடோ 10 சதவீதம்தான் சிறுக்கும். அறுவை மருத்துவர் மேசையிலேயே அதை இழுத்து விரித்துத் தைத்துவிடுவதால் இதில் பெரிய ஆபத்தில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும் இரண்டாவது சுருக்கம்தான் கையை முடக்குகிறது. இதில் கணக்கு தலைகீழ். மெல்லிய ஏடு அதிகமாகச் சுருங்கும், முழுக் கனத் தோல் கொஞ்சம்தான் சுருங்கும். காரணம் ஒட்டிய தோலுக்கு அடியில் இருக்கிறது. காயத்தின் தரையில், தசைபோல இழுக்கும் ஒருவகை செல்கள் திரள்கின்றன. ஜூலியோ கபியானியும் அவருடைய சகாக்களும் 1971-ல் விவரித்த மயோஃபைப்ரோபிளாஸ்ட்கள் அவை. திறந்த காயத்தை ஓரங்களிலிருந்து இழுத்து மூடுவது அவற்றின் வேலை. மேலே கனமான உட்தோல் வந்து உட்கார்ந்தால் அவை சீக்கிரம் அடங்கிவிடும். மெல்லிய ஏட்டுக்கு அவற்றை அடக்கும் வலு போதாது.

அப்படியானால் எல்லாருக்கும் கனத் தோலையே வைக்கலாமே என்று தோன்றும். கனத் தோலை எடுத்த இடம் தானாக வளராது, தைத்துத்தான் மூட வேண்டும். ஆகவே கவட்டையிலோ காதுக்குப் பின்னாலோ சின்னத் துண்டுதான் கிடைக்கும். அதற்கு ரத்தம் பிடிப்பதும் கடினம். முழுப் புறங்கைக்கு ஏடுதான் கதி. அதையும் பரப்பை விரிப்பதற்காக வலைபோலத் துளையிட்டு ஒட்டினால் சுருக்கம் இன்னும் கூடும். புறங்கையில் துளையில்லாத முழு ஏட்டை வைக்கப் பார்ப்பது அதனால்தான்.

புறங்கைத் தோல் சுருங்கினால் விரல் முட்டிகள் பின்பக்கமாக இழுபடும். கையைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முஷ்டி மடங்காது. கத்தரிக்கோலின் இரு பிடிகளையும் பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவருக்கு இதைவிடக் கேடு இல்லை. சரிவுகளில் இன்னும் கையால் வெட்டத்தான் வேண்டியிருக்கிறது. ஸ்பிளின்டில் மணிக்கட்டைச் சற்று மேலே நிமிர்த்தி, முட்டிகளை நன்றாக மடக்கி, விரல்களை நேராக நீட்டி வைப்பதற்கு இதுதான் காரணம். தோல் பிடித்ததும் பகலில் பயிற்சி, இரவில் ஸ்பிளின்ட், ஒரு நாளைக்கு 23 மணி நேரம் அழுத்தக் கையுறை. தழும்பு முதிர்ந்து மெத்தென்று ஆகும்வரை, அதாவது ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை, இதுதான் வாழ்க்கை.

மலையில் இது எப்படிப் போகும் என்று யோசித்தால் சிக்கல் புரியும். மூடுபனி விழுந்தால் இங்கே துவைத்த சட்டையே மூன்று நாள் காயாது. கையுறை ஒன்றே ஒன்று இருந்தால் ஈரம் காயும்வரை கை சும்மா கிடக்கும். அதனால் இரண்டு சோடி கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று வெயில். குளிர்கிறது என்பதால் யாரும் வெயிலைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது, தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஒட்டிய தோல் வெயிலில் கறுத்தால் நிறம் லேசில் திரும்பாது. அதில் எண்ணெய்ச் சுரப்பிகள் சரியாக வேலை செய்யாததால் வறண்டு வெடிக்கும், நாளைக்கு நாலைந்து தடவை எண்ணெயோ களிம்போ தடவித் தேய்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் யார் நேரம் தருவது? குடிமக்களுக்கு அரசு நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட்தான். ஆனால் ஈப்போவுக்கு ஒருமுறை போய்வந்தால் ஒருநாள் கூலி போகும். வேலையிடத்துக் காயமென்றால் பெர்கேசோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் கைகொடுக்கும். நான்கு நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு இருந்தால் சராசரிக் கூலியில் 80 சதவீதம் வரும். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் வேலைக்காயத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். இன்றைக்குக் கொழுந்து வெட்டுகிறவர்களில் பங்களாதேஷிகளும் நேப்பாளிகளும் நிறைய என்பதால் இது சின்ன விஷயமில்லை. மறுவாழ்வுக்கென்று மலாக்காவில் பெர்கேசோவுக்குத் தனி மையமே உண்டு. ஆனால் லயத்துக் குளியலறையில் கொட்டிய வெந்நீருக்கு அந்தக் கணக்கு செல்லாது. அங்கேதான் தழும்புகள் அதிகம் தங்கிவிடுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

அறுவைக்குப் பிந்தைய வேலையை அறுவைக்குச் சமமாக வைத்தவர்களில் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் முக்கியமானவர். வேலூர் சி.எம்.சி.யில் 1940களின் கடைசியில் தொழுநோயால் மடங்கிய கைகளுக்குத் தசைநாண் மாற்றும் அறுவையைத் தொடங்கினார். தோல் ஒட்டு வேறு, அது வேறு. ஆனால் அவர் கையை நிமிர்த்தியதோடு விட்டுவிடவில்லை. பிசியோதெரபியைக் கட்டாயமாக்கினார். நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பை அமைத்து, தச்சு முதலான தொழில்களை அந்தப் புதுக் கைகளுக்கே பழக்கினார். இங்கேயும் பழைய தோட்டத்து டிரெஸ்ஸர்கள் என்கிற மருத்துவ உதவியாளர்கள் இருந்த காலத்தில், கட்டு மாற்றுவதோடு பயிற்சியையும் மேற்பார்க்க ஒருவர் லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருப்பார். இப்போது அந்த வேலை வீட்டிலிருக்கும் பாட்டியின் தலையில் விழுகிறது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் தாளை அவரால் படிக்க முடிவதில்லை. ஸ்பிளின்டை எப்படிக் கட்டுவது என்று செய்து காட்டி, அவரையே ஒருமுறை கட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பினால் பாதிக் கை தப்பும்.

பிள்ளைகளுக்கு இது இன்னும் நீளமான பாடு. கை வளரும், தழும்பு அதே வேகத்தில் வளராது. நாலு வயதில் ஒட்டிய தோல் பத்து வயதில் பற்றாமல் விரலை இழுக்கும். அப்போது இறுகிய கோட்டை வெட்டி விடுவித்து, திறந்த இடத்தில் கவட்டையிலிருந்து கனத் தோல் எடுத்து வைப்பார்கள். சின்னக் கோடாக இருந்தால் கோணல்மாணலாக வெட்டித் தோலையே இடம் மாற்றித் தைப்பதும் உண்டு. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் ஸ்பிளின்ட், கையுறை, பயிற்சி.