விலைக்கு வாங்கிய பட்டாளம்

பணமிருந்தால் பட்டாளத்தையே வாங்கலாம் என்ற விசித்திர தர்மம் பிரிட்டனில் வெகுகாலம் நிலவிற்று. ஏழாவது கார்டிகன் பிரபுவின் சரித்திரமே அதற்குச் சாட்சி. 1824-ல் ராணுவத்தில் நுழைந்தவர், பணபலத்தால் ஆறே வருஷத்தில் லெப்டினண்ட் கர்னலானார். 15-வது ஹுஸார் படையின் தலைமைக்கு 35,000 பவுனுக்கு மேல் கொடுத்தார் என்பர். கீழதிகாரி ஒருவர்மீது வீண்பழி சுமத்தியதால் 1834-ல் அப்பதவி போயிற்று. இரண்டே வருஷத்தில் 11-வது குதிரைப்படை கிடைத்தது! அப்படை அப்போது இந்தியாவிலிருந்தது. இங்கு வந்தவர் புலிவேட்டையாடித் திரும்பினார். பின்னர் இந்தியாவில் ஊழியம் புரிந்த தம் அதிகாரிகளையே இழிவாக நடத்தினார்.

அவர்களில் ஒருவரான காப்டன் டக்கெட்டை 1840-ல் துவந்த யுத்தத்தில் சுட்டுக் காயப்படுத்தினார். பிரபுவை விசாரிக்கப் பிரபுக்கள் சபையே கோர்ட்டு. குற்றப்பத்திரிகையில் கண்ட முழுப் பெயருடையவரே காயமுற்றவர் என்று ருசுவாகவில்லையாம், 1841-ல் விடுதலை! ஏழைக் குடியானவனுக்கு இந்த வாதம் பலித்திருக்குமோ?

1854 அக்டோபர் 25-ல் பலக்லாவாவில், ராக்லன் பிரபுவின் தெளிவற்ற கட்டளை, கார்டிகனின் மைத்துனரும் பகைவருமான லூக்கன் பிரபு மூலம் வந்தது. ஆட்சேபித்தும் பயனில்லை. சுமார் 670 பேருக்கு முன்னணியில் ருஷ்யப் பீரங்கிகள்மீது பாய்ந்தார். அவர் தைரியத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் பீரங்கிகளைக் கடந்ததும், பின்வந்தோர் கதி என்னவென்று பாராமலே திரும்பிவிட்டார். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த யுத்தத்தில் சிப்பாய்கள் கூடாரங்களில் வாட, தளபதி துறைமுகத்தில் தமது உல்லாசக் கப்பலில் வாசஞ்செய்தார்.

தாயகம் திரும்பியவருக்கு வீரவரவேற்பு. 1855-ல் குதிரைப்படை இன்ஸ்பெக்டர் ஜெனரல் பதவி. 1868-ல் குதிரையினின்று விழுந்து இறந்தார். 1871-ல் பதவி விற்பனையை ஒழிக்க முயன்றபோது பிரபுக்கள் சபை தடுத்தது. கிளாட்ஸ்டன் மந்திரிசபை ராணியின் உத்தரவைப் பெற்றே அதை ஒழித்தது.