வருசநாட்டில் பாஷ்மினா ஆடு வளர்க்கலாமா?

போன மாசியில் வருசநாட்டில் இருந்து சித்தப்பா மகன் போன் பண்ணினான். "அண்ணே, காஷ்மீர் ஆடு வளத்தா ஒரு சால்வையே லட்ச ரூவாய்க்குப் போகுதாமே? குட்டி கொண்டாந்து குடுக்க ஒரு ஆள் இருக்காரு. அட்வான்ஸ் கேக்குறாரு." இலவமரம் நிற்கும் நிலத்தை அடகு வைக்கிற யோசனையில் இருந்தான். "ஒரு வாரம் பொறு தம்பி" என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். நான் கால்நடை படித்தவன் இல்லை, கம்ப்யூட்டர்காரன். அந்த ஒரு வாரக் குறிப்புகள் இவை.

வெள்ளாட்டுத் தோலில் இரண்டு வகை மயிர்க்கால் உண்டு. ஒன்றில் இருந்து வெளியே தெரியும் முரட்டு மயிர் வரும். இன்னொன்றில் இருந்து அடியில் பூ மாதிரி மெல்லிய ரோமம் வரும். அந்த அடி ரோமம்தான் பாஷ்மினா. நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன் என்றால், லடாக்கின் சாங்தாங் ஆட்டு ரோமம் 12 முதல் 15 மைக்ரான். சாங்பா மக்கள் அந்த ஆடுகளை 4,000 மீட்டருக்கு மேலே மேய்க்கிறார்கள். குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகிற இடம்.

சரி, ஏ.சி. ரூம் கட்டி வளர்த்தால்? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ரோமத்தை வளரச் சொல்லும் முக்கியமான டிரிக்கர் குளிர் இல்லை, பகல் நீளம். கோடை முடிந்து பகல் குறையக் குறைய ஆட்டின் உடம்பில் மெலடோனின் கூடுகிறது, அடி ரோமம் வளர்கிறது. வசந்தத்தில் தானே உதிரும்போது சீப்பால் வாரி எடுக்கிறார்கள். லடாக்கில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் நாலரை மணி நேரம். வருசநாட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு மணி பத்து நிமிஷம்தான் வருது. இந்த சிக்னல் இங்கே ஆட்டுக்குக் கேட்கவே கேட்காது.

அப்படியே வளர்ந்தாலும் வருஷத்துக்கு ஓர் ஆட்டுக்குக் கால் கிலோ சுமார். முரட்டு மயிரைப் பிரித்தால் இன்னும் குறையும். லட்ச ரூபாய் சால்வையில் பெரும்பங்கு கையால் நூற்று நெய்கிறவர்களின் உழைப்பு. அந்தக் கை நம்மூரில் இல்லை.

மெல்லிய ரோமத்துக்கு நமக்குப் பக்கம் கொடைக்கானல் மன்னவனூர்தான். மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அங்கே இருக்கிறது. பாரத் மெரினோ என்ற கலப்பினச் செம்மறியை வளர்க்கிறார்கள். ஆனால் அது வெள்ளாடும் இல்லை, அந்த மலைக் குளிர் நம் சமவெளியிலும் இல்லை.

இதையெல்லாம் படிக்கும்போதுதான் உறைத்தது: அடகு வைக்கப் போன நிலத்திலேயே நார் காய்த்துத் தொங்குது! இலவம்பஞ்சு. நாம் தலைக்கு வைத்துத் தூங்குவதால் அதை யாரும் மதிப்பதில்லை. ஒவ்வொரு நாரும் ஒரு குழாய். உள்ளே முக்கால் பங்குக்கு மேல் வெறும் காற்று. வெளியே மெழுகுப் பூச்சு, அதனால் தண்ணீர் ஒட்டாது, மிதக்கும். இரண்டாம் உலகப்போர்க் கால உயிர்காப்பு மேலாடைகளில் இதைத்தான் அடைத்தார்கள். பாஷ்மினாவும் காற்றைப் பிடித்து வைத்துத்தான் சூடு தருகிறது. நார்களுக்கு நடுவே பிடிக்கிறது, இது உள்ளேயே வைத்திருக்கிறது.

அப்புறம் ஏன் இலவம் சால்வை இல்லை? ஆட்டு ரோமத்தில் செதில் உண்டு, சுருள் உண்டு. ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும். பருத்தி நார் இயற்கையாகவே முறுக்கிக் கிடக்கும். இலவம் வழவழ, நீளமும் குறைவு. ஒரு பிடி எடுத்து விரலில் திரித்துப் பார்த்தேன். நூல் வரவில்லை, தும்மல்தான் வந்தது. பருத்தியோடு கலந்தால் நூற்கலாம், அப்படி நூற்கவும் செய்கிறார்கள். ஆண்டிபட்டி பக்கம் நெசவு இருக்கும்போது கடமலைக்குண்டு பஞ்சு மெத்தைக்கு மட்டுமே போவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

தம்பியிடம் பகல் நீளக் கணக்கைச் சொன்னேன். "அப்ப இலவு காத்த கிளியாவே இருக்கச் சொல்றீங்களாண்ணே?" என்றான். நியாயமான கோபம். பஞ்சு விலையை அவன் தீர்மானிப்பதில்லை, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. குட்டி விற்கிற ஆள் இப்போது பக்கத்து ஊர்களில் கேட்டுக்கொண்டு இருக்கிறாராம். அதனால்தான் இதை எழுதிப் போடுகிறேன். அந்தப் பக்கம் சொந்தபந்தம் இருந்தால் அனுப்பி வையுங்கள்.