மானுக்கு மரம் பகையாகுமா?

மாமல்லபுரத்திற்குச் சென்றவர்கள் அந்தப் பெரும் பாறைச் சிற்பத்தின் முன் சற்று நேரமாவது நின்றிருப்பீர்கள். அருச்சுனன் தவம் என்பார் சிலர். பகீரதன் தவம் என்பார் சிலர். அந்த வழக்கை வரலாற்று ஆசிரியர்களிடம் விட்டுவிடுவோம். நாம் அதில் உள்ள விலங்குகளை மட்டும் பார்ப்போம். பெரிய யானைகள் நிற்கின்றன. அவற்றின் கால்களுக்கிடையே குட்டிகள். சிங்கங்கள் உள்ளன, மான்கள் உள்ளன. யானைக்கு அருகே ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது! அதன் காலடியில் எலிகள் அச்சமின்றித் திரிகின்றன.

சிற்பி எல்லா விலங்குகளையும் ஒரே பாறையில் குடியேற்றிவிட்டான். இயற்கை அப்படிச் செய்வதில்லை. ஒரு காட்டில் எந்தெந்தப் பாலூட்டிகள் சேர்ந்து வாழலாம் என்பதற்கு இரண்டு சல்லடைகள் உண்டு. முதல் சல்லடை வாழிடம்: மண், மழை, மரம், புல், நீர், மறைவிடம் ஆகியவை. இதில் தேறிய விலங்கு இரண்டாவது சல்லடையிலும் தேற வேண்டும். அங்கே ஏற்கனவே குடியிருக்கும் மற்ற விலங்குகளே அந்தச் சல்லடை. உணவுக்குப் போட்டியிடுவோர், வேட்டையாடுவோர், அறியாமலே உதவி செய்வோர் எல்லாரும் அதில் அடக்கம். இதை விளங்கிக்கொள்ள அமேசான் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. செங்கற்பட்டுச் சீமையே போதும்.

கடற்கரையோரக் காடு

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் ஒரு தனிவகைக் காடு பரவியிருந்தது. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று இதனை வகைப்படுத்துவர். பெயரிலேயே ஒரு முரண்பாடு இருப்பதைக் கவனித்தீர்களா? உலர்ந்த காடு, ஆனால் இலை உதிர்ப்பதில்லை. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். பிறகு நீண்ட வறட்சி. பாலை, வீரை, காசா, களா, காரை போன்ற மரங்களும் புதர்களும் தடித்த சிறு இலைகளைக் கொண்டு அந்த வறட்சியைத் தாங்குகின்றன. மரங்கள் பெரும்பாலும் 10, 12 மீட்டருக்கு மேல் வளர்வதில்லை. இன்று இக்காட்டின் மிச்சங்களைக் கோயில் காடுகளிலும், சில ஒதுக்குக் காடுகளிலும், குன்றுச் சரிவுகளிலுமே காண்கிறோம். இடையிடையே முட்புதரும் புல்வெளியும் ஏரிக்கரையும் உள்ளன.

இத்தகைய நிலத்தில் சிற்பத்தில் உள்ள யானைக்கு இடமேது? அன்றாடம் நூறு கிலோவுக்கு மேல் தீனி வேண்டும் விலங்கு அது. ஆனால் முயலுக்கும், கீரிக்கும், நரிக்கும், மரநாய்க்கும், முள்ளம்பன்றிக்கும், பழந்தின்னி வௌவாலுக்கும் இங்கே தாராளமாக இடமுண்டு. மணற்பாங்கான திறந்த வெளியில் வளை தோண்டி வாழும் வெள்ளெலி, அடர்ந்த மரக்கூட்டத்தில் காலூன்ற முடியாது. மரத்தில் தொற்றிப் பழம் தேடும் மரநாய்க்கோ திறந்தவெளியில் வேலையே இல்லை. முதல் சல்லடை இவ்வாறு வேலை செய்கிறது.

இனி இரண்டாவது சல்லடை. கீரி, காட்டுப்பூனை, புனுகுப்பூனை, மரநாய் ஆகிய நான்கும் சிறு ஊனுண்ணிகள். உருவத்திலும் பெரிய வேறுபாடில்லை. ஒரே காட்டில் இவை எப்படி ஒத்துப்போகின்றன? கீரி பகலில் வேட்டையாடும்; மற்றவை பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும். மரநாய் மேலே ஏறும். புனுகுப்பூனை பெரும்பாலும் தரையிலேயே தேடும். காட்டுப்பூனை எலிகளையும் பறவைகளையும் நம்பியிருக்க, மரநாய் பழத்தில் பாதி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். ஒரே வீட்டில் நான்கு குடித்தனங்கள். ஆனால் நான்கும் ஒரே நேரத்தில் ஒரே அடுப்பை மூட்டுவதில்லை.

பெரிய ஊனுண்ணிகளும் இதே வழியைத்தான் கடைப்பிடிக்கின்றன. கர்நாடகத்தின் நாகரகொளெ காட்டில் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் சேர்ந்து வாழ்கின்றன. உல்லாஸ் கரந்தும் மெல்வின் சன்குவிஸ்டும் 1995-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே புலி அடிக்கும் இரையின் சராசரி எடை 90 கிலோவுக்குச் சற்று மேல். சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் அது 40 கிலோ அளவே. காட்டெருமை, கடமான் போன்ற பெரிய இரை நிறைய இருப்பதால் புலி அவற்றை எடுத்துக்கொள்கிறது. மற்ற இரண்டும் சிறியவற்றைக் கொண்டு பிழைக்கின்றன. பெரிய இரை குறைந்தால் இந்த ஏற்பாடு குலைந்துவிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா உறவும் பகையல்ல. மரநாய் பழத்தை விதையோடு விழுங்கிப் பாறை மீதும் விழுந்த மரத்தின் மீதும் எச்சமிடும், விதை கெடுவதில்லை. வௌவால் பழத்தைப் பறித்த மரத்திலேயே உட்கார்ந்து தின்னாமல் வேறிடத்திற்குத் தூக்கிச் சென்று சாற்றை உறிஞ்சி விதையைப் போட்டுவிடும். குரங்கு கன்னப்பையில் அடக்கிச் சென்று வழியெல்லாம் துப்பும். இப்படி விலங்குகளைக் காடு வளர்க்கிறது. காட்டை விலங்குகளும் வளர்க்கின்றன.

காடு துண்டாகும்போது இந்த அமைப்பு எங்கே முறிகிறது? ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய கண்டங்களில் ஏழு வெப்பமண்டலக் காடுகளில் தானியங்கிக் காமிராக்களைப் பொருத்தி நடத்திய ஆய்வு ஒன்று 2011-இல் வெளியாயிற்று. ஏறத்தாழ 52,000 படங்களில் 105 வகைப் பாலூட்டிகள் பதிவாகியிருந்தன. தென்னமெரிக்காவின் சூரினாமில் பரந்து விரிந்த காட்டில் 28 வகைகள். லாவோஸ் நாட்டுக் காட்டில் 13 வகைகள் மட்டுமே. துண்டான காடுகளில் விலங்கு வகை குறைவதோடு, இருப்பவற்றில் ஓரிரு வகைகளே ஆதிக்கம் செலுத்துவதும் தெரிய வந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு கிண்டிக்கு வாருங்கள்.

ஒரு சுவருக்குள் இரண்டு மான்கள்

இன்று சென்னை நகருக்குள் இருக்கும் கிண்டி, முன்பு செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆளுநர் மாளிகையைச் சூழ்ந்த சுமார் 500 ஹெக்டேர் காட்டிலிருந்து கல்வி நிலையங்களுக்கும் நினைவிடங்களுக்கும் பகுதி பகுதியாக நிலம் எடுக்கப்பட்டது. எஞ்சியதில் சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் 1978-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. சுற்றிலும் சாலையும் சுவரும் வீடுகளும். உள்ளே வெளிமான், புள்ளிமான் என இரு வகை மான்கள்.

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். புள்ளிமானின் கிளைத்த கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். வெளிமானின் முறுக்குக் கொம்பு ஆயுளுக்கும் ஒன்றே. ஆனால் நமக்கு முக்கியமானது கொம்பல்ல, வாழ்முறை. வெளிமான் பெயருக்கேற்ப வெட்டவெளியில் வாழ்வது. முதன்மை உணவு புல். தொலைவிலேயே பகையைக் கண்ணால் கண்டு ஓடித் தப்புவது அதன் வழி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் அதற்குக் கைவந்தது. சிவிங்கிப் புலியின் துரத்தலுக்கு ஈடுகொடுத்தே அந்தக் கால்கள் இப்படி அமைந்தன என்று விலங்கியலார் கருதுகிறார்கள். அந்தச் சிவிங்கிப் புலி இந்தியாவில் அற்றுப்போயிற்று என்று 1952-இல் அறிவிக்கப்பட்டது. (2022-இல் நமீபியாவிலிருந்து சிலவற்றைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டது வேறு கதை.) துரத்தியவன் போனான், ஓட்டம் மட்டும் மிஞ்சியது.

புள்ளிமானோ காட்டோரத்து விலங்கு. புல்லும் மேயும், தழையும் தின்னும், உதிர்ந்த பழத்தையும் பொறுக்கும். எட்டாத கிளைக்குப் பின்னங்கால்களில் எழும்பி நிற்கும். வெளிமானைவிட உடல் பெரிது. கிண்டியில் இது 1940-களின் பிற்பகுதியில் கொண்டுவந்து விடப்பட்டிருக்கலாம் என்று கருதப்படுகிறது. வெளிமானோ அதற்கு முன்பிருந்தே அங்கு இருப்பது.

அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். பாதுகாக்கப்பட்ட நிலத்தில் மரங்கள் நெருங்கின. நல்ல எண்ணத்தோடு நடப்பட்ட மரங்களும் சேர்ந்துகொண்டன. வேலிக்காத்தான் என்று நாம் அழைக்கும் சீமைக் கருவேலும் பரவியது. திறந்தவெளி சுருங்கியது. போலோ மைதானம் போன்ற சில வெளிகளே வெளிமானுக்கு மிஞ்சின. மரம் அடர்ந்தது புள்ளிமானுக்கு இலாபம், வெளிமானுக்கு நட்டம். கோடையில் புல் காய்ந்தால் புள்ளிமான் தழைக்கும் பழத்திற்கும் மாறிக்கொள்ளும். வெளிமானும் ஓரளவு மாறும். ஆனால் அதற்கு வேண்டிய வெட்டவெளியை எதனால் ஈடு செய்வது? புள்ளிமான் பெருகி வெளிமானை எண்ணிக்கையில் மிஞ்சிவிட்டது.

இரண்டும் முட்டி மோதிக்கொள்வதை நீங்கள் பெரும்பாலும் பார்க்கமாட்டீர்கள். ஒரே வெளியில் அருகருகே மேயும். போட்டி என்பது சண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் ஓசையில்லாமல் உண்பதும் போட்டிதான்.

பெருகும் புள்ளிமானைக் கட்டுப்படுத்த இங்கே புலியோ செந்நாயோ இல்லை. நரி குட்டிகளைத் தூக்கலாம். வளர்ந்த மானை அதனால் ஒன்றும் செய்ய இயலாது. நகரத்துத் தெருநாய்கள் புகுந்தால் இரு மான்களையும் கடிக்கும். காட்டு ஊனுண்ணி எண்ணிக்கை இரை குறைந்தால் குறையும். தெருநாய்க்கோ எச்சில் இலை எப்போதும் உண்டு. ஆகவே அது வேட்டைக்காரன் போலத் தோன்றினாலும், வேட்டைக்காரன் செய்யும் சமன்பாட்டுப் பணியைச் செய்வதில்லை.

தன் காலில் தானே

இன்னும் வியப்பான செய்தி ஒன்று குஜராத்தில் உள்ள வேளாவதர் வெளிமான் பூங்காவிலிருந்து கிடைத்தது. சீமைக் கருவேலின் நெற்று இனிப்பானது. வெளிமான் விரும்பித் தின்னும். விதை கெடாமல் புழுக்கையோடு வெளிவரும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் வெளிமான் புல்வெளியில் ஓரிடத்தைத் தனதாக்கிக்கொண்டு, அங்கேயே திரும்பத் திரும்பப் புழுக்கையிட்டுக் குவிக்கும். 2013-இல் வெளியான ஆய்வின்படி, அக்குவியல்களில்தான் சீமைக் கருவேல் விதைகள் திரள்கின்றன. அதாவது தன் துணையை வரவேற்கத் தேர்ந்த திறந்தவெளியிலேயே, அந்த வெளியை மூடப்போகும் மரத்தை வெளிமான் தானே விதைத்துக்கொள்கிறது!

நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையிலும் இதே மரம் வெளிமானின் புல்வெளிக்குள் புகுந்துள்ளது. 1967-இல் சரணாலயமான அவ்விடத்தில் காட்டில் திரியும் குதிரைகள் வேறு புல்லுக்குப் பங்கு கேட்கின்றன. ஒரு காலத்தில் மனிதனிடமிருந்து தப்பியோ கைவிடப்பட்டோ காட்டுக்குப் போனவற்றின் வழிவந்தவை அவை. மேய்ச்சலில் குதிரைக்கு ஒரு வசதி உண்டு: அதற்கு மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் முன்பற்கள் இருப்பதால் புல்லை அடியொட்டக் கத்தரிக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்களே இல்லை.

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். மரம் மானுக்குப் பகையா? எந்த மானுக்கு, எங்கே என்று திருப்பிக் கேட்க வேண்டும். வெளிமானுக்காகப் புதரையும் அயல்நாட்டு மரங்களையும் அகற்றிப் புல்வெளியை மீட்பது ஒரு வழி. மரம் வெட்டுவதாவது, அதுவும் தேசியப் பூங்காவிலா என்று நகரத்தார் திகைப்பது இயல்பே. ஆனால் வேலை அத்துடன் முடிவதில்லை. வெட்டிய அடியிலிருந்து சீமைக் கருவேல் மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். மழை பெய்து இளம்புல் தலைகாட்டியதும், பக்கத்து மர நிழலிலிருந்து முதலில் இறங்கி வருபவை பெரும்பாலும் புள்ளிமான்களாகவே இருக்கக்கூடும்.