மார்ச்சுல மாட்டுற மீன் ஜூலைல எங்க போகுது?

இந்த எபிசோடு ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. டாலஸ்ல வேலை பார்க்குற லிஸனர் ஒருத்தர் அனுப்பியிருந்தார்: "ஆபீஸ்ல பாதிப் பேர் வீக்எண்ட் ஆனா பாஸ் மீன் பிடிக்கக் கிளம்பிடுறாங்க. மார்ச்சுல வா, கரையோரத்துலேயே பெரிய மீனா மாட்டும்னு கூப்பிடுறாங்க. ஜூலைல போனா நாள் முழுக்க வெயில்ல உட்கார்ந்தாலும் ஒண்ணும் கிடைக்காதாம். ஒரே ஏரி, ஒரே மீன், ஏன் இப்படி?"

அவர் போகப்போறது லேக் ஃபோர்க். டாலஸுக்குக் கிழக்கே ஒன்றரை மணி நேரம் கார்ல போகணும். அணை கட்டி உண்டான ஏரி. தண்ணிக்குள்ள பட்டுப்போன மரங்கள் இன்னும் நிக்குது. பாஸ் பிடிக்குறவங்க மத்தியில ரொம்பப் பேர்போன இடம்.

மீன் எதுன்னு சொல்லிடுறேன். "சொல்லுங்க பாஸ்" பாஸ் இல்ல. சென்னை ரெஸ்டாரண்ட் மெனுவுல பார்க்குற சீ பாஸும் இல்ல, அது பெரும்பாலும் நம்ம கொடுவா. இது லார்ஜ்மௌத் பாஸ். வட அமெரிக்காவோட நன்னீர் மீன். பச்சை உடம்பு, பக்கவாட்டுல கறுப்புப் பட்டை, கண்ணையும் தாண்டிப் போற வாய். கிட்ட வந்தா தவளை, நண்டு, சின்ன மீன் எதையும் விடாது.

மீனோட உடம்புச் சூடு தண்ணியோட சூடுதான். தண்ணி குளிர்ந்தா செரிமானம் மெதுவாகும், பசி குறையும், துரத்துற தெம்பும் குறையும். அதனால அனுபவசாலிங்க தேதியைப் பார்க்குறதுக்கு முன்னாடி படகுல இருக்குற தெர்மாமீட்டரைத்தான் பார்ப்பாங்க. ஒரே மார்ச் மாசத்துல டெக்சஸ் பாஸ் முட்டை போட்டுட்டு இருக்கும், மினசோட்டா பாஸ் பனிக்கட்டிக்குக் கீழ அசையாம இருக்கும்.

இப்ப அவரோட மார்ச்சுக்கு வருவோம். குளிர்காலம் முடிஞ்சு தண்ணி 10 டிகிரி செல்சியஸைத் தாண்ட ஆரம்பிச்சதும், ஆழத்துல இருந்த மீன் கொஞ்சம் கொஞ்சமா கரையைப் பார்த்து வரும். முட்டை நிறைஞ்ச பெண் மீன் வருஷத்துலேயே அதிக எடையோட இருக்குறது இந்த நேரத்துலதான். டெக்சஸ் அரசு 1986ல இருந்து ஒரு திட்டம் நடத்துது, பேரு ஷேர்லங்கர். 13 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 6 கிலோவுக்கு மேல ஒரு பாஸ் மாட்டினா, அதை உயிரோட அரசுக்கு இரவல் கொடுக்கலாம். பண்ணையில வெச்சு அதை இனப்பெருக்கம் பண்ணுவாங்க. அந்த இரவலை வாங்குறது ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும்தான். காரணம், முட்டையோட இருக்குற பெரிய தாய் மீன் கிடைக்குற காலம் அது.

தண்ணி 16, 18 டிகிரியைத் தொட்டதும் ஆண் மீன் வேலையை ஆரம்பிக்கும். முழங்கால், இடுப்பளவு தண்ணியில, கெட்டியான தரை பார்த்து, வாலால சேறைத் தள்ளித் தட்டு மாதிரி ஒரு பள்ளம் பண்ணும். அதுதான் கூடு. பெண் மீன் வந்து ஆயிரக்கணக்குல முட்டை போட்டுட்டுக் கிளம்பிடும். அப்புறம் எல்லாம் அப்பா பொறுப்பு. துடுப்பால விசிறி முட்டை மேல சேறு படியாம பார்த்துக்கும், கிட்ட வர்ற எதையும் விரட்டும். முட்டை பொரிய சில நாள் ஆகும். பொரிஞ்ச பிறகும் குஞ்சுங்களைச் சுத்திக் காவல் நிக்கும். இந்த நாட்கள்ல அது சரியா சாப்பிடறதுகூட இல்ல.

நம்ம ஊர்க் குளத்துல விரால் குஞ்சுங்க செவப்பா ஒரு கூட்டமா மேல வந்து வந்து போறதைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். குஞ்சுங்க மேல, பெத்ததுங்க கீழ காவல். அதே கதைதான்.

ஆக, மார்ச்சுல ஏன் ஈஸியா மாட்டுது? மீன் கரையோரம் வந்துடுது, தண்ணி தெளிவா இருந்தா கூடே கண்ணுக்குத் தெரியுது, உள்ள போடுற ரப்பர்ப் புழுவைப் பசியில கடிக்கல, முட்டையைத் திங்க வந்த எதிரின்னு நினைச்சுக் கடிக்குது. சில சமயம் வாயில கவ்வித் தள்ளி வெச்சுட்டு வரத்தான் பார்க்குது. தூண்டில் முள்ளு அதுல ஏறிடுது.

சங்கடம் இங்கதான். "நான்தான் திரும்ப விட்டுடுறேனே"ன்னு ஒருத்தர் சொல்லலாம். பாஸ் பிடிக்குறவங்கள்ல நிறைய பேர் விட்டுடுறவங்கதான். ஆனா அப்பா மீன் கரையில போஸ் கொடுத்துட்டு இருக்குற நேரத்துல கூட்டுக்குக் காவல் இல்ல. புளூகில்னு ஒரு சின்ன மீன் பக்கத்துலேயே காத்துட்டு இருக்கும். கனடாவோட ஒன்டாரியோ ஏரிகள்ல ஆய்வாளர்கள் தண்ணிக்குள்ள இறங்கியே இதைப் பார்த்திருக்காங்க. ஆண் மீனை எடுத்த சில நிமிஷத்துல முட்டை திருட்டு ஆரம்பிக்குது. வெளிய இருக்குற நேரம் கூடக்கூட இழப்பும் கூடுது. ரொம்பப் போயிடுச்சுன்னா, திரும்பி வர்ற அப்பாவும் கூட்டை விட்டுட்டுப் போயிடுது.

அதனால தெற்கு ஒன்டாரியோவோட பல பகுதிகள்ல ஜூன் வரைக்கும் பாஸ் சீசனைத் திறக்கவே மாட்டாங்க. டெக்சஸ் மூடுறதில்ல. அங்க சூடான காலம் நீளம், எல்லா மீனும் ஒரே வாரத்துல முட்டை போடாது, அலை அலையா வரும். வடக்குல அந்த வாய்ப்பு குறுகினது. டெக்சஸ் அதுக்குப் பதிலா அளவுல கட்டுப்பாடு வெச்சிருக்கு. லேக் ஃபோர்க்ல 16 அங்குலத்துல இருந்து 24 அங்குலம் வரைக்கும் உள்ள பாஸை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. 24க்கு மேல ஒரு நாளைக்கு ஒண்ணுதான்.

நண்பருக்கு என் பதில்: மார்ச்சுல தாராளமா போங்க, லைசென்ஸ் வாங்கிட்டு. ஆனா கூடு கண்ணுக்குத் தெரிஞ்சா அதை விட்டுட்டு, கொஞ்சம் ஆழத்துல, கரைக்கு இன்னும் வந்து சேராத மீனைத் தேடுங்க. சட்டம் தடுக்கல, ஆனாலும் காவல் நிக்குறவனைச் சீண்டி ஜெயிக்குறதுல பெரிய த்ரில் எதுவும் எனக்குத் தெரியல. தெரியாம மாட்டிடுச்சுன்னா, படகுத் தொட்டியில போட்டு ஊர்வலம் கூட்டிட்டுப் போகாம, அதே இடத்துல உடனே விடுங்க. செல்ஃபி ஒரு பத்து செகண்டுல முடியட்டும்.

சரி, ஜூலை. வெயில் காலத்துல ஏரித் தண்ணி அடுக்கு அடுக்காப் பிரிஞ்சுடும். மேல சூடான லேசான தண்ணி, கீழ குளிர்ந்த கனமான தண்ணி. ரெண்டும் கலக்காது. நடுவுல வெப்பநிலை சடார்னு இறங்குற மெல்லிசான அடுக்குக்குத் தெர்மோக்ளைன்னு பேரு. அதுக்குக் கீழ காத்துப் படாததால ஆக்சிஜன் தீர்ந்துபோயிடும். ஆக, மேல போனா சூடு, ரொம்பக் கீழ போனா மூச்சு முட்டும். மீன் நடுவுல மாட்டிக்குது. பழைய ஓடைத் தடம், தண்ணிக்குள்ள இருக்குற மேடு, மர நிழல், இப்படி இடம் பார்த்துக் கூட்டமா நிக்கும். கரையில உட்கார்ந்து தூண்டில் போட்டா கிடைக்காததுக்கு இதுதான் காரணம். சோனார் வெச்ச படகு இருந்தா கதை வேற. இல்லாதவங்க விடியக்காலையில, செடி மூடின தண்ணி மேல ரப்பர்த் தவளையை இழுத்துப் பார்க்கலாம். தண்ணி வெடிச்ச மாதிரி மீன் மேல வரும். டெக்சஸ்ல கோடையில ராத்திரி மீன் பிடிக்கப் போறவங்களும் உண்டு.

கோடையில இன்னொண்ணு. சூடான தண்ணியில ஆக்சிஜன் குறைவாத்தான் கரையும். ரொம்ப நேரம் இழுத்து விளையாடி, களைச்ச மீனைத் தொட்டியில அடைச்சு வெச்சா, விட்ட பிறகும் செத்துப்போகலாம். நீந்திப் போயிடுச்சேன்னு நாம சந்தோஷமா வீட்டுக்கு வந்திருப்போம்.

இலையுதிர் காலத்துல மேல் தண்ணி குளிர்ந்து கனமாகிக் கீழ இறங்கும், அடுக்குகள் கலைஞ்சு ஏரியே ஒரு புரட்டு புரளும். அந்தச் சில நாள் கலங்கல்ல மீன் எங்க இருக்குன்னு யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் ஷாட்னு ஒரு வெள்ளி நிறச் சின்ன மீன் கூட்டம் கூட்டமா ஓடைப் பக்கம் ஏறும். பாஸ் பின்னாடியே போகும், குளிர் வர்றதுக்குள்ள வயிறு நிறைய. அப்ப ஷாட் எங்கயோ அங்க போங்க, வேகமா வீசி வேகமா இழுங்க. அவ்வளவுதான்.

குளிர்காலம்னா பொறுமை. மீன் ஆழத்துல இருக்கும், மூக்கு முன்னாடி வந்து நின்னாத்தான் வாயைத் திறக்கும். சின்ன இரை, ரொம்ப மெதுவான அசைவு, நடுநடுவுல நீளமான இடைவெளி. பெரும்பாலானவங்க வீட்டுல இருந்துடுவாங்க. ஆனா டெக்சஸ் மாநில சாதனை மீன், 18.18 பவுண்டு, எட்டு கிலோவுக்கும் மேல, மாட்டினது 1992 ஜனவரியில, இதே லேக் ஃபோர்க்ல. பிடிச்சவர் பேரு பேரி செயின்ட் கிளேர். அன்னைக்கு அவர் பாஸ் பிடிக்கவே போகல. கிராப்பின்னு வேற ஒரு சின்ன மீனுக்காக, ஆழத்துல ஒரு குட்டி மீனை இரையாத் தொங்கவிட்டுட்டு உட்கார்ந்திருந்தார்.