கூண்டு வண்டியாகும் கார்

நம் பாட்டனார் காலத்தில் குலதெய்வக் கோயிலுக்குக் கூண்டு வண்டி பூட்டிப் புறப்பட்டவர்கள், முதலில் வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பினார்கள். அதன் மேல் ஜமுக்காளத்தை விரித்தார்கள். குழந்தைகளும் முதியோரும் அதில் உறங்கிக்கொண்டு போவார்கள். வண்டிக்காரர் சற்றே கண்ணயர்ந்தாலும், பழகிய தடத்தில் மாடுகள் தாமாகவே நடந்துவிடும். தலைநகரில் வாழும் நமக்கு ஊர் வெகு தொலைவில் இருக்கிறது. தில்லியிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் காரிலேயே புறப்பட்டுவிடுகிறார்கள். ஆனால் ஓட்டுபவர் உறங்கினால் வழி பார்த்து நடக்கும் மாடுகள் காரில் இல்லை.

பின்னிரவு 2 மணி முதல் 5 மணி வரை மனித உடல் உறக்கத்தையே நாடும். தேநீரும் பாட்டும் அதனைச் சிறிது தள்ளிப்போடலாம், வெல்ல முடியாது. ஊதியம் பெற்று வண்டி ஓட்டுவோருக்கு 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையையே பொது அளவாக வைத்தது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்யாமல் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றும் கூறியது. சொந்த வண்டியில் போகும் நமக்கு அப்படிக் கணக்குப் பார்ப்பார் இல்லை. அதனாலேயே காருக்குள் ஒரு படுக்கை அமைத்துக்கொள்வதை ஆடம்பரம் என்று நாம் கருதவில்லை.

எங்கள் கார் எழுவர் அமரக்கூடியது. பின் இருக்கைகளை மடித்து, முன் இருக்கைகளை முன்னே தள்ளினால், ஏறத்தாழ 6 அடி நீளம் கிடைக்கிறது. ஆனால் மடித்த இருக்கைகள் ஒரே மட்டத்தில் அமைவதில்லை. நடுவில் ஒரு மேடு, ஒரு பள்ளம். அவற்றின் மேல் மெத்தையை விரித்துப் படுத்தால் விடியும்போது இடுப்பு நம்முடையதாக இராது. ஆகவே பலகை வேண்டும். 12 மில்லிமீட்டர் கனமுள்ள, ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகையை மூன்று துண்டுகளாக அறுத்து, கீல் வைத்து இணைத்துக்கொண்டோம். பகலில் முன்துண்டைப் பின்துண்டுகளின் மேல் மடித்து, வார்ப்பட்டையால் இறுகக் கட்டிவிட்டால், நடு இருக்கை அமர்வதற்குக் கிடைக்கும்.

பலகையின் உயரத்தில்தான் பலர் பிழை செய்கிறார்கள், நாங்களும் செய்தோம். பின்சக்கரங்களின் மேலுள்ள வளைவுகள் காரின் அகலத்தை இருபுறமும் தின்றுவிடுகின்றன. பலகையை அவ்வளைவுகளுக்கு மேலே உயர்த்தினால் இருவர் படுக்கும் அகலம் கிடைக்கும். கீழே பெட்டிகளும் வைக்கலாம். ஆனால் மிக உயர்த்திவிட்டால் கூரை தலையில் இடிக்கும். பெட்டிகளுக்கு ஆசைப்பட்டு முதல் முறை நாங்கள் உயர்த்தியதில், இரண்டு இரவுகள் படுத்தவாறே உடை மாற்ற நேர்ந்தது. பலகைக்கும் கூரைக்கும் இடையே 3 அடியாவது இருக்க வேண்டும். மெத்தையின் கனத்தையும் சேர்த்தே அதனைக் கணக்கிட வேண்டும். பலகையைப் பொருத்துவதற்காகக் காரின் தளத்தில் துளையிடுவது கூடாது. அதன் அடியில் எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் செல்கின்றன. தச்சரிடம் இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்றையும் கூறிவிடுகிறோம். இப்படுக்கை, நின்ற வண்டிக்கு மட்டுமே உரியது. ஓடும் காரில் குழந்தையைப் பின்னே படுக்க வைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடையே மிகுதி. திடீரென்று பிரேக் போட்டால் அக்குழந்தையைத் தடுத்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை.

அடுத்தது காற்று. முதல் பயணத்தில், நாகபுரிக்குத் தெற்கே ஆதிலாபாத் அருகே, கொசுவுக்கு அஞ்சிக் கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிவிட்டு உறங்கினோம். காலையில் தலை கனத்தது. எங்கள் மூச்சின் ஈரம் கண்ணாடிகளிலிருந்து ஒழுகி மெத்தையை நனைத்திருந்தது. அதன்பின் எதிரெதிரான இரண்டு சன்னல்களைக் குளிர்காலத்திலும் நான்கு விரற்கடை இறக்கி வைக்கிறோம். சன்னலுக்குப் பழைய கொசுவலையை வெட்டித் தைத்த உறை போதும். கதவின் மேல் தலையணை உறைபோல் மாட்டலாம். மே மாதத்தில் இவையெல்லாம் பயன்படா. நாகபுரியின் பகல் 45 டிகிரியைத் தொடும்போது இரும்புப் பெட்டிக்குள் உறங்க நினைப்பது அறியாமை. விடுதியில் தங்குவதே சரி.

வெப்பம் தாங்காமல் எஞ்சினை ஓடவிட்டு, குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு உறங்குவோர் பலர். இதைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். உறங்குகிறவர் மூச்சுத் திணறி எழுவதும் இல்லை. உறக்கத்திலிருந்தே மயக்கத்துக்குப் போய்விடுகிறார். 2024-ஆம் ஆண்டு டிசம்பரில், கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற ஒரு கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரின் புகையிலிருந்து இந்த வாயு உள்ளே கசிந்ததே காரணம் என்று பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது. தொழில்முறையில் கட்டிய வண்டியிலேயே இவ்வாறு நேருமானால், வீட்டில் பலகை அடித்த நம் காருக்கு என்ன காவல்? படுக்கும்போது சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துங்கள். அடுப்பையும் காருக்குள் ஏற்றாதீர்கள்; வெளியே, காற்று வீசும் இடத்தில் சமையுங்கள். மின்சாரக் கார் வைத்திருப்போருக்குப் புகையின் கவலை இல்லை. அவர்கள் கவலை மின்னேற்றும் நிலையத்தைப் பற்றியது.

எஞ்சினை நிறுத்திவிட்டால் விசிறிக்கு என்ன செய்வது? காரின் சொந்த பாட்டரியிலிருந்து இரவெல்லாம் மின்சாரம் எடுத்தால் காலையில் வண்டி கிளம்பாது. தனியாக ஒரு பாட்டரி வையுங்கள். 12 வோல்ட்டில் ஓடும் சிறு விசிறி 15 வாட் எடுத்துக்கொண்டால் 8 மணி நேரத்துக்கு 120 வாட்-மணி, அதாவது 10 ஆம்பியர்-மணி. 40 ஆம்பியர்-மணி பாட்டரியில் பாதியளவே பயன்படுத்தினாலும் இரண்டு இரவுகள் ஓடும். அமிலம் நிரப்பும் பாட்டரி வேண்டா. மின்னேறும்போது அதிலிருந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வெளிவரும். மூடிய லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை தகும். அதை ஒட்டியே ஒரு ஃபியூஸ் இருக்கட்டும்.

உணவைப் பற்றித் தமிழருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி முதல் நாளுக்கு, புளியோதரை மறுநாளுக்கு. குழாய் வைத்த 20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று போதும். 20 கிலோ எடையுள்ள அதனைத் தரையோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

சாலையின் ஓரத்தில் நிறுத்தி உறங்கலாகாது. இருட்டில் நிற்கும் வண்டியின் பின்னே லாரி மோதும் செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். கழிப்பறையும் வெளிச்சமும் உள்ள பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் போட்டுக்கொண்டு, பொறுப்பாளரிடம் இரவு தங்குவதாகச் சொல்லி இடம் கேட்டால், பெரும்பாலும் மறுப்பதில்லை. இந்தியில் இரண்டு வார்த்தை பணிவாகப் பேசத் தெரிந்தால் போதும்.

சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதனை உறுதி செய்தது. இருக்கைகளை நிலையாகக் கழற்றிவிட்டுக் கட்டில் அமைப்பது வம்பில் முடியும். தூக்கி வெளியே வைத்துவிடக்கூடிய பலகையே நமக்கு ஏற்றது.

எல்லாம் முடிந்தபின், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாக, வீட்டு வாசலிலேயே ஓர் இரவு காரில் உறங்கிப் பாருங்கள். அப்படி உறங்கிய இரவில்தான், விளக்கின் விசை கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதை நாங்கள் கண்டோம். இரண்டு மணிக்கு எங்கள் குடியிருப்பின் காவலாளி வந்து, வீட்டில் ஏதேனும் சண்டையா என்று கண்ணாடியைத் தட்டிக் கேட்டார்.