கடைக் கம்ப்யூட்டரில் மின் சிக்கனம்: மெயின் சுவிட்ச் யார் கையில்?



இரவு கடையை அடைத்து, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். மாடியறையில் இருக்கும் சர்வர் மட்டும் விடிய விடிய ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பு பில்லுக்கு ஒன்று, குடோன் இருப்புக்கு ஒன்று, கணக்குப்பிள்ளைக்கு ஒன்று என்று தனித்தனிக் கம்ப்யூட்டர் வைத்திருந்தோம். இப்போது பல மொத்த வியாபாரிகள் ஒரே பெரிய மெஷினை வாங்கி, அதற்குள் மூன்று நான்கு 'விர்ச்சுவல் மெஷின்' போட்டு எல்லா வேலையையும் முடித்துக்கொள்கிறார்கள். இவை அனைத்தையும் சுமக்கும் அந்த மெஷினுக்கு 'ஹோஸ்ட்' என்று பெயர்.

ஓயாமல் ஓடும் எந்தச் சாதனத்திலும் ஒரு வாட் குறைந்தால் ஆண்டுக்கு 8.76 யூனிட் மிச்சம். 40 வாட் குறைந்தால் சுமார் 350 யூனிட். இதைத் தங்கள் கடையின் யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள். யு.பி.எஸ். பேட்டரிக்கும் ஏ.சி.க்கும் குறையும் சுமை தனி.

பலர் செய்யும் தவறு, விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் விண்டோஸில் போய் 'பவர் சேவர்' என்று வைப்பது. அதனால் பிராசஸரின் வேகம் குறையாது. வாடகைக்கு இருக்கும் நான்கு கடைக்காரர்களும் தத்தம் விளக்கை அணைக்கலாம், கட்டடத்தின் மெயின் சுவிட்ச் சொந்தக்காரரிடம்தானே இருக்கிறது? இங்கே சொந்தக்காரர் ஹோஸ்ட். உள்ளே இருக்கும் மெஷின்களில் 'ஸ்லீப்' வசதியை அணைத்து வைப்பதே நல்லது. இல்லையேல் மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் பில் மெஷின் தூங்கிவிடும்.

பிராசஸர் மின்சாரத்தை இரண்டு வழியில் மிச்சம் பிடிக்கிறது. வேலை குறைவாக இருந்தால் வேகத்தையும் வோல்டேஜையும் குறைத்துக்கொள்ளும். வேலையே இல்லாவிட்டால் தூங்கிவிடும். மூட்டை தூக்கும் ஆள் லாரி வராதபோது மெல்ல நடப்பது முதல் வகை, சாக்கின் மேல் படுத்துவிடுவது இரண்டாவது. ஆழ்ந்து தூங்கினால் மிச்சம் அதிகம், எழுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அந்தத் தாமதம் மைக்ரோ வினாடிக் கணக்குதான், பில் போடும் வேலைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. கடை மூடிக் கிடக்கும் இரவு நேரத்தில் இந்தத் தூக்கமே பெரிய மிச்சம் என்பது என் கருத்து.

முதலில் பயாஸைப் பார்க்க வேண்டும். அங்கே 'மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்' என்று இருந்தால் மேலே என்ன மாற்றினாலும் பெரும்பாலும் பயன் இராது. 'ஓ.எஸ். கண்ட்ரோல்' என்ற பொருளில் உள்ளதைத் தேர்ந்து, 'சி-ஸ்டேட்' வசதியைத் திறந்துவிடச் சொல்லுங்கள். பிறகு ஹோஸ்டின் முறை. வி.எம்.வேர் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. வைத்திருப்போருக்கு 'பேலன்ஸ்டு' என்பதே ஆரம்ப ஏற்பாடு. அதை அப்படியே விட்டுவிடலாம். ஹைபர்-வி என்றால் ஹோஸ்ட் விண்டோஸின் பவர் பிளானிலும் அதே 'பேலன்ஸ்டு'தான்.

கவனம் தேவைப்படுவது லினக்ஸ் அடிப்படையில் ஓடும் பிராக்ஸ்மாக்ஸ் போன்றவற்றில். அங்கே வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்குக் 'கவர்னர்' என்று பெயர். ராஜ்பவனை நினைக்க வேண்டாம், ரைஸ்மில் டீசல் எஞ்சினில் இருக்கிறதே, அந்தக் கவர்னர். இதில் 'பவர்சேவ்' என்ற பெயர் ஆளை ஏமாற்றும். 2013-இல் லினக்ஸில் சேர்ந்த இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் தானாக வேகத்தை நிர்வகிக்கும் மெஷின்களில், பவர்சேவ் வைத்தாலும் வேலை கூடும்போது வேகம் கூடும். பழைய ஏ.சி.பி.ஐ. டிரைவரிலோ அதே பெயர் பிராசஸரை மிகக் குறைந்த வேகத்திலேயே கட்டிப்போட்டுவிடும்.

எனக்குத் தெரிந்த மளிகை மொத்தக் கடை ஒன்றில் இதுதான் நடந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய சர்வர். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒருவர் நல்லெண்ணத்தில் பவர்சேவ் என்று மாற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எந்தத் தொல்லையும் இல்லை. திங்கள் காலை நான்கு கவுண்டரும் ஒன்றாகப் பில் போடத் தொடங்கியதும் திரை நகரவில்லை. லாரி வாசலில் நிற்க, கையால் பில் எழுதினார்கள். நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து மாலைவரை கேபிளையே மாற்றிக்கொண்டிருந்தார்கள். இத்தகைய பழைய மெஷினுக்கு 'ஆன்டிமாண்ட்' அல்லது 'ஷெட்யூட்டில்' என்ற கவர்னரே ஏற்றது. வேலை வந்தால் ஓடும், இல்லையேல் நடக்கும்.

மாற்றுவதற்கு முன் பழைய அமைப்பை ஒரு தாளில் குறித்து வைக்கவும். பிளக்கில் செருகும் வாட் மீட்டரில் ஒரு வேலை நாளும் ஓர் இரவும் அளந்து பார்த்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மீண்டும் அளக்கவும். வட்டுகள் தின்னும் மின்சாரம் இதில் குறையாது, ஆகவே ஆறேழு வட்டு உள்ள சர்வரில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். லினக்ஸில் வைத்த கவர்னர், மெஷினை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு முறை ஓடத் தொடங்கும்போதும் தானாக அமையும்படி செய்யச் சொல்லி, சர்வீஸ்காரர் கிளம்புவதற்கு முன் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள்.